ஜீவாவுக்கு யார் சொல்வது

கலைமதியின் தம்பி ஜீவானந்தம் பட்டாளத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது அவள் அவ்வளவாகக் கலங்கவில்லை. ஒரகடத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் திரிந்த பையன்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்படிச் சொல்வதுதான். அடுத்து அவன் சொன்னதுதான் அவளை உலுக்கியது.

"சும்மா பட்டாளம் இல்லக்கா. உள்ள பூந்ததும் பாராவுக்குப் பேர் குடுக்கப்போறேன். மாமா மாதிரி."

பாரா என்றால் பாரசூட் கட்டிக்கொண்டு ஏரோப்ளேனிலிருந்து குதிக்கிற படை. கலைமதியின் புருஷன் கோதண்டம் அதில் இருந்தவன். ஒருநாள் பயிற்சியில் குதித்தபோது காற்று இழுத்துக்கொண்டு போய்த் தரையில் மோதியதில் இடுப்பெலும்பு நொறுங்கி, ஒரு கால் குட்டையாகி, முப்பது வயதுக்குள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். இப்போது கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருந்த இரும்பு வார்ப்புக் கம்பெனியில் கேட் வாட்ச்மேன்.

"மாமா இன்னா மாதிரி கீறாருன்னு உனுக்குத் தெரியுமாடா?" என்றாள் கலைமதி.

"தெரியும். நானும்தானே உன்கூட அங்க வந்து நின்னேன்."

அவன் சொன்னது ஜூன் மாதத்தில் நடந்ததை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் நிம்மதியாக நடமாடவில்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம், எங்கே பார்த்தாலும் விசாரணை. கோதண்டத்தைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள்: சிலோனில் இருந்தவன், அந்தத் தமிழ் பேச வரும், வெடி சமாசாரமெல்லாம் தெரியும் என்று. பட்டப்பகலில் கம்பெனி கேட்டுக்கு ஒரு ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவன் சிலோனுக்குப் போனது நம்முடைய ராணுவத்தின் ஆளாக, குண்டு வைத்ததாகச் சொன்ன அதே இயக்கத்தோடு சண்டை போட. அதற்காகவே அவன் ஊர் திரும்பியபோது டீக்கடையில் சிலபேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தமிழனைச் சுடப்போன தமிழன் என்று காதுபடப் பேசினார்கள். அதே மனுஷனை இப்போது அந்த இயக்கத்தின் ஆள் என்று இழுத்துப் போயிருந்தார்கள்.

அக்காவும் தம்பியும் விசாரணை நடந்த கட்டடத்துக்கு எதிரே புளியமரத்தடியில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் எங்கிருந்தோ ஃபோன் வந்தது. அதுவரைக்கும் அவனை வாடா போடா என்று பேசிக்கொண்டிருந்த ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து, "சொல்லக் கூடாதாப்பா, நம்ம ஜவானுன்னு?" என்று அந்த நாற்காலியையே அவன் பக்கம் தள்ளினார். ஜன்னல் வழியாக இவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. அவன் உட்காரவில்லை. வந்த டீயைக் குடிக்கவில்லை. செருப்பைக் காலில் மாட்டிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தான்.

இரண்டு பேரும் பார்த்தது ஒன்றைத்தான். ஆனால் கலைமதியின் கண்ணில் நின்றது அந்தச் செருப்பு. ஜீவாவின் கண்ணில் நின்றது அந்த நாற்காலி.

"பட்டாளத்தான்னு தெரிஞ்சதும் எழுந்து நின்னான் பாத்தியா?" என்று அவன் இப்போது கேட்டான். "ஐ.டி.ஐ. ஃபிட்டருக்கு எவன்க்கா எழுந்து நிப்பான்? என்னிய அதுமாதிரி இஸ்துகினு போனா, எங்கேர்ந்து ஃபோன் வரும்?"

அம்மா சுந்தராம்பாள் நாற்று நட்டுவிட்டு வந்த சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜீவா வெளியே போனதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாப்ளயாண்ட சொல்லும்மா. அவரு ஒரு வார்த்த வேணான்னு சொன்னா கேட்டுக்குவான். நாம சொன்னா காதுல ஏறாது."

அன்றைக்கே கலைமதி புருஷனிடம் சொன்னாள். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. பேசறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு மாமனும் மச்சானும் வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். அவள் பாத்திரம் துலக்குகிற சாக்கில் பக்கத்திலேயே இருந்தாள். கோதண்டம் முதலில் கேட்டதெல்லாம், கண் சரியாகத் தெரியுமா, கை கால் எங்காவது முறிந்திருக்கிறதா, ஒரு மூச்சில் எவ்வளவு தூரம் ஓடுவாய் என்பதுதான். இப்படித்தான் மெதுவாக ஆரம்பிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"மாமா, ஏரோப்ளேன் கதவு தொறந்தா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டான் ஜீவா.

கோதண்டம் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"மொதல்ல சத்தம். காதுக்குள்ளயே லாரி ஓடற மாதிரி. பக்கத்துல கீறவன் கத்தினாகூடக் கேக்காது. பாதிப்பேர் வாந்தி எடுத்திருப்பானுங்க, அந்த நாத்தம் வேற. செவப்பு லைட்டு எரிஞ்சா எழுந்து நிக்கணும். முன்னால கீறவன் முதுவு மட்டும்தான் தெரியும். பச்ச லைட்டு வந்துட்டா அப்பறம் நீயா நிக்கணும்னாலும் நிக்க முடியாது, பின்னாலேர்ந்து தள்ளிக்கினு வருவானுங்க. வெளிய கால வெச்சதும் காத்து உட்டு ஒரு அற அறையும் பாரு…"

"அப்பறம்?"

"கொட விரிஞ்சிடும். விரிஞ்சதும் அம்மாம் சத்தமும் ஒரேயடியா நின்னுடும் மச்சான். ஒண்ணுமே கேக்காது. கீழ யமுனா ஆறு வேட்டி காயப்போட்ட மாதிரி வெள்ளையா கெடக்கும். அந்தக் கொஞ்ச நேரம் உன்னிய ஒருத்தன் கூப்புட முடியாது, ஒருத்தன் திட்ட முடியாது. நீ பாட்டுக்கு எறங்கிக்கினே இருப்ப. போதும், இப்பிடியே இருந்துடலாம்னு தோணும்."

கலைமதியின் கை தானாக நின்றது. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த முகத்தையும் அவள் பார்த்ததில்லை. அவளோடு இருந்த எந்த நேரத்திலும் அவனுக்கு அப்படியொரு முகம் வந்ததில்லை. முதலில் பொறாமையாக இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. தம்பி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மீதியும் சொல்லுங்க" என்றாள்.

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் மூடிக்கொண்டது.

"அவுரு சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன் கேளு ஜீவா" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாலாஜாபாத் கல்யாணத்துல அதிர்வேட்டு போட்டாங்களே, உனக்கு ஞாபகம் கீதா? பந்தியில உக்காந்திருந்தவரு என்னிய இஸ்துப் போட்டுக்கினு பெஞ்சிக்கு அடியில பூந்துட்டாரு. எல மொத்தமும் எங்க மேல. குடிச்சிட்டு வந்திருக்காருன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்ச. அடியில அவுரு நெஞ்சு எப்பிடி அடிச்சிக்கினு கெடந்துதுன்னு எனுக்குத்தான் தெரியும். தூங்கறப்ப என் கை பட்டுட்டா என் கழுத்தப் புடிச்சிடுவாரோன்னு தள்ளிப் படுக்கறேன். எவன் எவன் பேரோ சொல்லிக் கூப்புடறாரு. யாருங்க அதுன்னு கேட்டா, செத்துட்டாங்கன்னு சொல்றாரு. இதுக்காடா போற? இதுக்கா?"

ஜீவா தலையைக் குனிந்துகொண்டான். "அது மாமாவோட கெட்ட நேரம்க்கா. அப்ப சண்ட நடந்துது. இப்ப ஏது சண்ட? எல்லாருக்குமா அப்பிடி ஆவும்?"

கோதண்டம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினான். ஜீவாவும் பின்னாலேயே போனான். மச்சானுக்கு முன்னால் அதையெல்லாம் அப்படிப் போட்டு உடைத்திருக்க வேண்டாம் என்று கலைமதிக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்றும் தோன்றியது.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சரியான பேச்சு இல்லை. அவள் வாலாஜாபாத் ரோட்டிலிருந்த ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்துவந்தாள். அச்சிலிருந்து வருகிற வாஷர்களின் ஓரத்துப் பிசிரை பிளேடால் நறுக்கியெடுக்கிற வேலை. ஒருநாள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்த ரத்னா, "இன்னாடீ, உன் வூட்டுக்காரரும் தம்பியும் கல்குட்டையாண்ட சர்க்கஸ் கத்துக்கினு கீறாங்களாமே?" என்று சிரித்தாள்.

ஷிஃப்டு முடிந்ததும் கலைமதி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்குட்டைக்கு நடந்தாள். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம் அது. லாரியில் கல் ஏற்றுவதற்காகக் கட்டிய மேடை மட்டும் ஆள் உயரத்துக்கு அப்படியே நின்றது. அதற்குக் கீழே மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மேடை மேல் ஜீவா. கீழே கையில் குச்சியோடு கோதண்டம்.

"பாதம் ரெண்டும் ஒட்டிக்கினு இருக்கணும். முட்டிய லேசா மடக்கு. தாடைய நெஞ்சுல வெய்யி. கீழ பாக்காதடா! தரையப் பாத்தா ஒரு காலு தானா முன்னால போவும். போன காலு முறியும். நான் அப்பிடித்தான் முறிஞ்சேன்."

ஜீவா குதித்தான். கால் அகன்று, கையை ஊன்றி விழுந்தான்.

"கை ஊனாத! கெண்டக்கால், தொட, இடுப்பு, முதுவு, இப்பிடிச் சுருண்டு போவணும். ஏந்திரு. இரு, நான் காட்டறேன்."

கலைமதி கத்துவதற்குள் அவன் மேடையில் ஏறிவிட்டான். ஏறவே அவ்வளவு நேரம் பிடித்தது. உச்சியில் ஒரு கணம் நிமிர்ந்து நின்றான். பிறகு குதித்தான். நொண்டிக்கொண்டு நடக்கிற ஆளா என்று நம்ப முடியாதபடி, தண்ணீர் வழிவதுபோல மணலில் சுருண்டு உருண்டான். மல்லாந்து கிடந்தபடி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

அவள் ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் இன்னா சொல்லச் சொன்னேன்? நீங்க இன்னா சொல்லிக் குடுத்துக்கினு கீறீங்க?"

வலி கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்து அவன் பேசினான். "போவாதன்னும் சொன்னேன் கலை. அன்னிக்கு ஷிஃப்டுக்குப் போற வழியில நிறுத்தி வெச்சி, நீ சொன்னத வுட ஜாஸ்தியாவே சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கினான். கேட்டுட்டு, சரி மாமா, இங்கயே இருந்தா நான் இன்னாவா ஆவேன்னு கேட்டான். என்னாண்ட பதில் இல்ல. உன்னாண்ட இருந்தா இப்பவே சொல்லு. இத்தோட நிறுத்திடறேன்."

ஜீவா பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். அவன் வீம்புக்கு நிற்கவில்லை. உண்மையாகவே அவள் எதையாவது சொல்லமாட்டாளா என்றுதான் நின்றான்.

கலைமதி யோசித்தாள். வார்ப்புக் கம்பெனியில் உள்ளூர்ப் பையன்களை எடுப்பதில்லை, சங்கம் வைத்துவிடுவார்கள் என்று பயம். ரப்பர் கம்பெனியில் பெண்கள் மட்டும்தான். அம்மா கூலிக்கு நடுகிற நிலங்களில் பாதிக்கு மேல் இந்த வருஷம் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள், உள்ளே புல் முளைத்துக் கிடக்கிறது. என்ன வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. சைக்கிள் கடை, டீக்கடை, லாரி கிளீனர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தாள். ரப்பர் கறை பிடித்துப் பிளேடு கீறிய தன் விரல்களைப் பார்த்தாள்.

"அம்மா தனியா கீறாங்களேடா" என்றாள் கடைசியில்.

"தெரியும்க்கா" என்றான் அவன்.

அவ்வளவுதான். ஜீவா மறுபடியும் மேடையில் ஏறினான். வெயில் இறங்கி, குட்டைத் தண்ணீர் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் விளிம்புக்கு வந்து மூச்சை இழுத்துப் பிடித்தான். கீழேயிருந்து பார்த்தவளுக்கு அவன் பாதங்கள் விலகியிருப்பது தெரிந்தது.

"காலச் சேத்து வையுடா!" என்று கத்தினாள்.

கத்திய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஜீவா கால்களைச் சேர்த்துக் குதித்தான். சரியாக உருண்டு எழுந்தான். கோதண்டம் அவள் மடியில் கண்ணை மூடிக்கொண்டான்.

அக்டோபரில் ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் ஜீவாவுக்கு முன்னால் ஒருவனும் வரவில்லை. நவம்பரில் ரயிலேறச் சொன்னார்கள். கிளம்புகிற காலையில் சுந்தராம்பாள் மகனுக்கு நெற்றியில் விபூதி வைத்து, கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள். ஸ்டேஷனுக்கு வரமாட்டேன் என்றாள். மருமகனைப் பார்த்து, "உங்கள நம்பித்தான மாப்ள சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் அந்தப் பெட்டி முழுக்க ஜீவா வயதுப் பையன்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்ட வெட்டிய தலை. ஒருத்தன் அழுதுகொண்டிருந்தான், மற்றவர்கள் அவனைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். ஜீவாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கலைமதி கம்பி வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வை, அம்மாவுக்குக் கார்டு போடு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் ஊதிய பிறகுதான் கோதண்டம் அவளை மெதுவாக நகர்த்திவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன். எங்க போனாலும் செரி. இங்க யாருக்குத் தமிழ் தெரியும்னு கேட்டா, கையத் தூக்காத."

"ஏன் மாமா?" ஜீவா சிரித்தான். "நான் தமிழுன்னு என் மூஞ்சியிலயே எழுதிக்கீதே."

"தூக்காதன்னா தூக்காத."

ரயில் நகர்ந்தது. அவன் சொன்னது ஜீவாவுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே போனான்.

தாம்பரம் வந்து, வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கலைமதி கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

அவன் சொல்லமாட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் படப்பை தாண்டியதும், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தபடியே தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தான்.

"யாழ்ப்பாணத்துல வூடு வூடாப் போவோம். எங்க குரூப்புல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன். அதனால கதவத் தட்டிப் பேசறது நான்தான். ஒரு வூட்டுல ஒரு அம்மா. என் பேச்சக் கேட்டதும் அவங்க மூஞ்சியே மாறிப்போச்சி. 'நீங்கள் தமிழோ தம்பி?'ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினாங்க. 'தமிழெண்டால் எனக்குப் பயமில்லை. என்ர பிள்ளை முந்தாநாள் போனவன். எங்கையெண்டு கேட்டுச் சொல்லுங்கோ'ன்னு அடையாளம் சொன்னாங்க. சட்ட கலரு, கழுத்துல கவுறு. காலையில நாங்க தாண்டி வந்த முக்குலதான் கெடந்தான் அந்தப் பையன். யாரு சுட்டதுன்னு யாருக்கும் தெரியாது, ரெண்டு பக்கமும் சுட்டுக்கினு இருந்தோம். கூட வந்தவனுங்களுக்கு அவங்க பேசறது சத்தம்தான், கலை. வேற ஒண்ணுமில்ல. எனுக்கு மட்டும்தான் அது வார்த்த."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். அழல அவங்க. கையையும் வுடல. 'எந்தப் பக்கம் தலை வச்சுக் கிடக்கிறான்?'னு கேட்டாங்க."

கேட்டிருக்கவே வேண்டாம் என்று கலைமதி நினைத்தாள். இனி அந்த அம்மாள் அவளோடும்தான் இருப்பாள். ஜீவா இதே மாதிரி ஏதாவதொரு வாசலில் நிற்கிற நாள் வந்தால், அங்கே பேசப்படுவது அவனுக்குப் புரியாத பாஷையாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்வதற்கு அவளுக்கு அதுதான் மிச்சமிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் தோளில் பாரம் இறங்கியது. கோதண்டம் தூங்கிவிட்டிருந்தான். யார் பேரையும் சொல்லாமல், உடம்பு தூக்கிப்போடாமல், வாயை லேசாகத் திறந்து சின்னப்பிள்ளை மாதிரித் தூங்கினான். அவர்கள் இறங்கவேண்டிய ஒரகடம் கூட்டு ரோடு வந்தது. கண்டக்டர் இரண்டு தரம் குரல் கொடுத்தார். அவள் அசையவில்லை. பஸ் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தது.

வாலாஜாபாத் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு அவனைத் தொட்டு எழுப்பினாள். மிரண்டு விழித்துச் சுற்றிலும் பார்த்தான்.

"எழுப்பக் கூடாதா?"

"தூங்கினு இருந்தீங்க."

இருவரும் இறங்கி ரோட்டுக்கு மறுபக்கம் போய் நின்றார்கள். உச்சி வெயில். நிற்க நிழல் இல்லை. நிற்க நிற்க அவனுக்கு இடுப்பு வலித்திருக்க வேண்டும், அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டான்.

"அத்தயாண்ட இன்னான்னு சொல்றது?" என்று கேட்டான்.

"ஜன்னல் சீட்டு கெடச்சிதுன்னு சொல்லுவோம்."

தாம்பரம் போகிற பஸ் ஒன்று வந்தது. படியெல்லாம் ஆள் தொங்கிக்கொண்டிருந்தது. கலைமதி கையைக் காட்டினாள். அது நிற்காமல் போய்விட்டது.